சுட்ட கோழியும் சமண விருந்தாளியும்

மலர்க் குழு அன்பர்கள் கட்டுரை கேட்டு என் கடைக்கு வந்தபோது, வழக்கம்போல் சிதறால் மலைச் சிற்பங்களைப் பற்றியோ ஐஞ்சிறு காப்பியங்களைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த வருஷம் கோழி சுடுவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நயினார், நீங்களா? கோழியைப் பத்தியா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் பிறவியால் தமிழ்ச் சமணன். முட்டைகூடத் தொட்டதில்லை. பொழுது அடைந்துவிட்டால் சோறும் சாப்பிடுவதில்லை. ஆனால் இந்த விஷயத்தை எழுதியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இவ்வூரில் உள்ள சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குடும்ப சங்கமம் நடத்தத் திட்டமிட்டன. இளைஞர்கள், "ராத்திரி கோழி சுடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார்கள். பெரியவர்கள் சிலர், "அது அரபு நாட்டு வழக்கம். தமிழ்ப் பண்பாட்டு நிகழ்ச்சியில் கூடாது" என்றார்கள். பேச்சு முற்றிவிட்டது. இரண்டு மூன்று குடும்பங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டன. கடைசியில் பெரியவர்கள் என்னிடம் வந்து, "நீங்க சமணர். நாலு நூல் படிச்சவர். இது தமிழர் வழக்கம் இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா எல்லாரும் ஒத்துக்குவாங்க" என்றார்கள்.

என்னால் அப்படி எழுதித் தர முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதே இக்கட்டுரை.

சாலையும் நாங்களும்

நான் பெரிய கல்விமான் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் மிளகாய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கமறலுக்கும் தும்மலுக்கும் நடுவில் படித்ததுதான். பிறந்தது வந்தவாசி பக்கம், பொன்னூர் மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு கிராமம். அப்பா வியாபாரம் தேடித் திருவனந்தபுரம் வந்தார். சிறுவனாக வந்த நானும் சாலையிலேயே வளர்ந்து சாலையிலேயே நரைத்துவிட்டேன்.

சாலைக் கம்போளத்தை அமைத்தவர் ராஜா கேசவதாசர் என்பது இவ்வூரார் அறிந்ததே. தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் அவர். பத்மநாபபுரத்தில் இருந்த தலைநகர் திருவனந்தபுரத்துக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அரண்மனை வந்தால் கம்போளம் வரும். கம்போளம் வந்தால் தமிழன் வருவான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்பாண்டிச் சரக்கும் சரக்கோடு மனிதர்களும் வந்தார்கள். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நடந்து பாருங்கள். கொத்துவால் தெரு, சபாபதி கோயில் தெரு, கருப்பட்டிக்கடை முக்கு என்று பெயர்களிலேயே நம்மவர் வாடை அடிக்கும். நாடார், பிள்ளை, செட்டியார், ராவுத்தர் என்று எல்லாரும் தோளோடு தோள் உரசி வியாபாரம் செய்த தெரு. அவர்களுக்கு நடுவில் ஒரு சமணக் கடை எங்களுடையது.

சாலையில் கோழி என்றால் பலருக்கும் நினைவு வருவது கேத்தேல் கடை என்று அறியப்படும் ரஹ்மானியா ஹோட்டல்தான். அங்கே சின்னக் கோழியை எண்ணெயில் பொரிக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பொரிப்பதை அல்ல, கனலில் சுடுவதை. அதுவும் கடையில் அல்ல, ஒரு வீட்டு முற்றத்தில்.

அண்ணாச்சி வீட்டுத் தீ

எனக்கு இரண்டு கடை தள்ளி ஒரு அண்ணாச்சி பலசரக்கு மொத்த வியாபாரம் செய்தார். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவர் குடும்பத்தில் பாதி அங்கும் பாதி இங்குமாக ஆகிவிட்டது. அதனாலேயோ என்னவோ, வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் ஒன்றுகூட வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். கிறிஸ்துமஸ் மறுநாள், கரமனையில் அவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடும். அன்று கோழி சுடுவார்கள்.

1983இல் என்னை முதன்முறை அழைத்தார். நான் போகவில்லை. போகாதது மட்டுமல்ல, "அந்தப் புகை நம்ம மேல படக்கூடாது அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவருஷம் மறுபடி வந்து நின்றார். "நயினார், நீரு அஞ்சு மணிக்கு வாரும். ஒமக்குள்ள தீய மொதல்ல போடுதேன். பொழுது அடையதுக்கு முன்ன நீரு சாப்பிட்டிரும். பொறவுதான் கோழி" என்றார். இதற்குமேல் எப்படி மறுப்பது? போனேன்.

புதிதாக வாங்கிய கம்பி வலை ஒன்று, புது இடுக்கி ஒன்று. இரண்டிலும் அண்ணாச்சியின் மனைவி வெள்ளைத் துணி முடிந்து அடையாளம் வைத்திருந்தார். தீயில் ஏத்தம்பழமும் மக்காச்சோளமும் வாட்டி, வாழையிலையில் வைத்து எனக்கு முதலில் பரிமாறினார்கள். டிசம்பர் கடைசியில் இங்கே ஆறேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு நான் கை கழுவிவிட்டேன். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் கோழித் தட்டுகளை வெளியே எடுத்தார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை வராத பக்கமாக என் நாற்காலியை அண்ணாச்சியே தூக்கிப் போட்டார்.

அந்த நாற்காலியில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சாப்பிடாமலே எனக்குப் பக்குவம் தெரியும். விறகு கூடாது, சிரட்டைக் கரிதான். சுவாலை அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே வலையை வைக்க வேண்டும். "சுவாலை கருக்கும், கனல்தான் வேக வைக்கும்" என்பார் அண்ணாச்சி. கோழியை நெஞ்சுப் பக்கம் பிளந்து விரித்து, தொடையில் ஆழமாகக் கீறி, முதலில் உப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும் தடவி அரை மணி நேரம் விடுவார்கள். அப்புறம் வத்தல் மிளகாய், நல்லமிளகு, இஞ்சி, பூண்டு, பெருஞ்சீரகம், மஞ்சள் அரைத்த விழுதைக் கொஞ்சம் தயிரிலும் தேங்காயெண்ணெயிலும் குழைத்துப் பூசுவார்கள். எலும்புப் பக்கம் முதலில் கனலைப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். தொடை மூட்டில் குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும், சிவப்பாக வந்தால் வேகவில்லை. முதல் துண்டு வீட்டின் மூத்தவருக்கு, இரண்டாவது அந்த வருஷம் புதிதாக வந்த மருமகளுக்கோ மருமகனுக்கோ.

"இது கல்ஃபிலிருந்து வந்த பழக்கமா?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் தம்பி குவைத்தில் இருந்தவர். இரும்பு டிரம்மைப் பாதியாக அறுத்து அடுப்பாக்கியது அவர்தான். அண்ணாச்சி சிரித்தார். "டிரம்முதான் கல்ஃபு. தீ எங்க தாத்தாக்குள்ளது" என்றார். வயல் அறுப்பு முடிந்த ராத்திரி, அவர் தாத்தா காலத்தில், உப்பும் நல்லமிளகும் தடவிய வெடக்கோழியைக் கம்பில் கோத்துச் சுடுவார்களாம்.

இரண்டாயிரம் வருஷத்து வாட்டு

அண்ணாச்சி சொன்னது வாய்வழிச் செய்தி. நூல்கள் என்ன சொல்கின்றன என்று தேடினேன். நம் பத்துப்பாட்டைப் புரட்டினாலே போதும்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மருத நிலத்து ஊர்களுக்குப் போகும் பாணனுக்கு என்ன விருந்து கிடைக்கும் என்று ஒரு பட்டியல் வருகிறது. வெண்ணெல் சோற்றோடு, வீட்டில் வளர்த்த பெட்டைக்கோழியின் வாட்டு கிடைக்குமாம். பெட்டைக்கோழிக்கு அங்கே வரும் சொல் அளகு. வாட்டு என்பது தீயில் வாட்டியது. விருந்தாளிக்காக, வீட்டுக் கோழியைத் தீயில் வாட்டிக் கொடுக்கும் வழக்கம் இது. அண்ணாச்சி முற்றத்தில் நடப்பது வேறென்ன?

கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படை இன்னும் வெளிப்படை. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைச் சூடு தாங்காமல் வாயின் இப்பக்கமும் அப்பக்கமும் மாற்றி மாற்றித் தின்றதாகவும், இரவும் பகலும் தின்று தின்று பல் கொழுமுனை போலத் தேய்ந்ததாகவும் பொருநன் சொல்கிறான். சேர நாட்டிலும் இதே கதைதான். அந்தணராகிய கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, ஏன் இவ்வளவு மென்மை என்று வியந்தான் சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன். மணக்கும் புகையில் வாட்டிய இறைச்சியோடு சோறு உண்பதைத் தவிர இந்தக் கைக்கு வேறு வேலை இல்லை என்று கபிலர் புறநானூற்றில் விடை சொல்கிறார்.

ஆக, தீயில் வாட்டுவதை அரபு வழக்கம் என்று தள்ள முடியாது. கேரளத்தில் இன்று தெருவுக்குத் தெரு விற்கும் அல்ஃபாம் அரபு நாட்டிலிருந்து வந்தது உண்மை. 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவுக்கு நம்மவர் கூட்டம் கூட்டமாகப் போனதன் விளைவு அது. அரபியில் அந்தச் சொல்லுக்குக் கரி என்றே பொருள். பார்பெக்யூ என்ற சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடியினரிடமிருந்து ஸ்பானியர் கொண்டுவந்தது. பெயர்கள் எங்கெங்கிருந்தோ வந்தன. தீ எல்லா ஊரிலும் முன்னமே இருந்தது.

மிளகும் மிளகாயும்

வியாபாரி என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தப் பழைய வாட்டில் மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகத்தான் நம் கரைக்கு வந்தது. அதற்கு முன் காரம் என்றால் முக்கியமாக மிளகுதான். சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போனது அந்தக் கறியைத்தான். மிளகு போட்டுச் சமைத்த உணவுக்கு அப்பெயர் ஏறி, இன்று கறி என்றால் இறைச்சி என்று ஆகிவிட்டது. தென் திருவிதாங்கூர்க்காரர் இன்றும் மிளகை நல்லமிளகு என்று பிரித்துச் சொல்வது, பின்னால் வந்த மிளகாயிலிருந்து அதை வேறுபடுத்தத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணாச்சியின் தாத்தா உப்பும் நல்லமிளகும் மட்டும் தடவினார் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பக்குவம் மிளகாய்க்கு முந்தியதாக இருக்கலாம்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. நாட்டுக்கோழி எல்லா நாளும் அறுக்கும் பொருளாக இருந்ததில்லை. அது முட்டை தரும், பொழுது விடிவதைச் சொல்லும். முருகனுக்குக் கொடி. உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் உண்டு, யானையை ஒரு சேவல் வென்ற இடம் என்பதால். அப்படிப்பட்டதை விருந்தாளி வந்தால் மட்டுமே அறுப்பார்கள். முற்றிய சேவலைச் சுட்டால் தோலாக இழுக்கும் என்பதால் அது குழம்புக்குப் போகும், இளசுதான் தீக்கு. பண்ணைப் பிராய்லர் வந்தபின் ஆறு வாரத்தில் இளங்கோழி தயார். விருந்து நாள் எல்லா நாளும் ஆயிற்று. அல்ஃபாம் கடைகள் பெருகியதற்கு வளைகுடா பாதிக் காரணம் என்றால், பிராய்லர் மறுபாதி.

மாவுக் கோழி கூவியது

இவ்வளவும் சொன்ன பிறகு, என் பக்கத்து வழக்கையும் சொல்ல வேண்டும் அல்லவா? தமிழ்ச் சமணர் கோழியைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தின் நடுநாயகமே ஒரு கோழிதான்.

யசோதரன் என்ற அரசன் கெட்ட கனவு ஒன்று காண்கிறான். தோஷம் நீங்க உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய் சந்திரமதி. அவன் மறுக்கிறான். அப்படியானால் அரிசி மாவில் ஒரு கோழி செய்து அதையாவது பலியிடு என்கிறாள். தாய் சொல்லைத் தட்டாமல் அவன் வாளை ஓங்குகிறான். வெட்டுப்பட்ட மாவுக் கோழி நிஜக் கோழி போலக் கூவுகிறது. பிறகு அரசியின் கையால் நஞ்சுண்டு தாயும் மகனும் இறக்கிறார்கள். மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகள் எடுத்து, கடைசியில் இரண்டு கோழிகளாகவே பிறக்கிறார்கள். கூண்டில் இருந்தபடி ஒரு முனிவரின் அறவுரை கேட்டு மகிழ்ச்சியில் கூவுகிறார்கள். அந்தக் கூவலைக் குறிவைத்து அம்பு வருகிறது. வடமொழியில் சோமதேவரும் கன்னடத்தில் ஜன்னனும் எழுதிய கதைதான் இது. கொல்லும் எண்ணமே கொலைக்குச் சமம் என்பது இதன் உட்பொருள்.

நீலகேசியில் இன்னொரு வழி வருகிறது. காளி கோயிலுக்கு உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்னும் முனிவர், மண்ணால் செய்த உருவங்களை வைத்து வழிபட்டுப் போங்கள் என்கிறார். ஒரு காப்பியம் மாவுக் கோழியும் பாவம் என்கிறது. இன்னொன்று மண் உருவத்தை ஏற்கிறது. முன்னது வெட்டப்படுகிறது, பின்னது வெட்டப்படாமல் காணிக்கையாகிறது என்று இரண்டையும் பொருத்திச் சொல்லலாம். கேரளக் கோயில்களில் ரத்தத்துக்குப் பதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீரைக் குருதியாக வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முனிச்சந்திரர் நினைவு வரும். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்து கேரளம் சட்டம் போட்டது 1968இல்.

இந்தக் கதை என்னையும் சும்மா விடவில்லை. எண்ணமே பாவம் என்றால், அந்தக் கோழிக்கு மிளகாய் விற்பவன் கணக்கில் என்ன ஏறும்? பல வருஷங்களுக்கு முன் கோழி மசாலாப் பொடி பாக்கெட் விற்பதை என் கடையில் நிறுத்தினேன். "வத்தல் மட்டும் விக்கலாமோ?" என்று என் மனைவி கேட்டாள். அந்த வத்தல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அதை விற்ற காசில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இதற்குமேல் அதில் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் ஒன்று. புலால் மறுத்தலுக்குத் திருக்குறளில் ஒரு முழு அதிகாரம், 26ஆம் அதிகாரம், இருக்கிறது என்றால் என்ன பொருள்? தின்பவர்கள் நிறைய இருந்தார்கள், அவர்களிடம் பேச வேண்டியிருந்தது என்பதுதானே? தமிழர் புலால் உண்ணவே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், அறம் சொன்ன அத்தனை பேரும் யாருமில்லாத இடத்தில் பேசினார்கள் என்று ஆகிவிடும். அது எங்கள் முனிவர்களுக்கே நான் செய்யும் அவமரியாதை.

மாதரி வீட்டு அடுப்பு

அப்படியானால் தின்பவரும் தின்னாதவரும் ஒரு முற்றத்தில் கூடுவது எப்படி? இதற்குச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது.

மதுரைக்குப் புறத்தே, கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி, கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி சமணப் பெண் அல்ல, கண்ணனை வணங்கும் ஆயர் குடியினள். ஆனால் கொலைக்களக் காதையில் அவள் வீட்டாரிடம் சொல்வதைப் பாருங்கள். வந்திருப்பவர் சாவக நோன்பி, அதாவது இல்லறச் சமணர். பகற்பொழுதில் உண்ணும் உணவை அந்தப் பெண் தானே ஆக்கிக்கொள்ளும்படி நல்ல கலங்களைச் சீக்கிரம் கொடுங்கள் என்கிறாள். காய்களோடு மாங்கனியும் வாழைப்பழமும் செந்நெல் அரிசியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உன் நோன்பு எனக்குப் புரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. நீ எங்களைப் போல உண்டால் என்ன என்றும் கேட்கவில்லை. கலத்தைக் கொடுத்தாள், பொழுதைப் பார்த்தாள்.

இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் வெள்ளைத் துணி முடிந்த கம்பி வலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. அந்த வலையோடு இருந்ததும் வாழைப்பழம்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அண்ணாச்சி ஒருமுறை தன் ஊருக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சிதறால் மலை ஏற வைத்தார். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு. பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறினாலும் சிலைகளை யாரும் உடைக்கவில்லை. "சின்னப் பிள்ளையில இங்க ஆடு மேய்க்க வருவோம். இவங்க யாருன்னு தெரியாது. ஆனா பக்கத்துல உக்காந்து எதுவும் திங்க மாட்டோம், அம்மை ஏசுவா" என்றார்.

2019 ஆகஸ்டில் அண்ணாச்சி காலமானார். அந்த டிசம்பர் 26ஆம் தேதி நான் கடையிலேயே இருந்துவிட்டேன். யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடவும் அவர்களுக்கு மனம் இருக்காது என்று நினைத்தேன். நாலரை மணிக்கு அவர் மூத்த மகன் போன் செய்தான். "மாமா, எங்க இருக்கீங்க? ஒங்க தீய போட்டாச்சு. பழம் ஆறிப்போவும்" என்றான். நான் போனபோது வலையில் புதுத் துணி முடிந்திருந்தது. நாற்காலி காற்றுக்கு எதிர்ப்பக்கம் சரியாகப் போடப்பட்டிருந்தது. அதை யார் போட்டது என்று கேட்டேன். அண்ணாச்சியின் பேரன், எட்டு வயசுப் பையன், கையைத் தூக்கினான்.

குடும்ப சங்கமத்துக்காரர்களிடம் நான் இதைத்தான் சொன்னேன். கோழி சுடுவது தமிழர் வழக்கம்தான். சுடாதிருப்பதும் தமிழர் வழக்கம்தான். இரண்டுக்கும் நூல் ஆதாரம் இருக்கிறது. ஆகையால் இரண்டு அடுப்பு போடுங்கள். பொழுதிருக்கும்போது ஒன்று, பொழுது சாய்ந்தபின் ஒன்று. வலையும் இடுக்கியும் கலக்காதீர்கள். காற்று பார்த்து நாற்காலி போடுங்கள். வரமாட்டோம் என்று சொன்னவர்கள் வீட்டுக்கு நேரில் போய் அழையுங்கள், போனில் வேண்டாம்.

மூன்று குடும்பங்களில் இரண்டு வந்தன. மூன்றாவது வீட்டுப் பெரியவரை அடுத்த வருஷம் நானே போய்க் கூப்பிடுவதாக இருக்கிறேன்.